சின்னப் பாகமும் ஆயுதம்தான்

கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லூரி ஆய்வகத்தில் 3டி பிரிண்டரில் நீ செய்த பற்சக்கரத்தின் படம் வந்தது. வேலைப்பாடு நேர்த்தி; மகிழ்ச்சி. அதோடு ஒரு வீடியோவும் அனுப்பி, கைத்துப்பாக்கியைத் தானியங்கியாக மாற்றும் அந்தப் பாகத்தை வெறுமனே செய்து பார்ப்பதும் குற்றமா என்று கேட்டிருக்கிறாய். குற்றம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் அதற்கு ‘கிளாக் ஸ்விட்ச்’ என்று பெயர். நாணயம் அளவுதான் இருக்கும். சாதாரணக் கைத்துப்பாக்கியில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். இந்தப் பாகம் சேர்ந்துவிட்டால் விரலை எடுக்கும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 1,200 குண்டு என்ற வேகத்தில், 17 தோட்டா கொண்ட மேகசின் ஒரு நொடிக்குள் காலியாகும். துள்ளும் துப்பாக்கி சுடுகிறவன் கைக்கே அடங்காது. குறி தப்பிய குண்டு, தெருவில் நிற்கும் யார்மீதும் பாயும். 2022 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் 6 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூட்டு வழக்கில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்று இப்படி மாற்றப்பட்டதே.

துப்பாக்கி கடையில் கிடைக்கும் அந்த நாட்டிலேயே, இந்தப் பாகத்தைத் தனியாக வைத்திருந்தாலும் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த குற்றம். 10 ஆண்டு வரை சிறை. ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு 2012 முதல் 2016 வரை இத்தகைய 814 பாகங்களைக் கைப்பற்றியது. அடுத்த ஐந்தாண்டில் அது 5,454 ஆனது.

நம் நாட்டுக்கு வருவோம். ஆயுதங்கள் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. பிடிக்கும் வேலை மாநிலப் போலீசுடையது. இங்கே அது, 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் பொறுப்பு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், விசையை விடும்வரை அல்லது தோட்டா தீரும்வரை தொடர்ந்து சுடும்படி வடிவமைத்த, அல்லது மாற்றியமைத்த துப்பாக்கி ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’. துப்பாக்கியின் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூடத் துப்பாக்கி என்றே அந்தச் சட்டம் கொள்கிறது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 10 ஆண்டு; ஆயுள் தண்டனைவரை போகலாம். உரிமம் இல்லாமல் ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் தனிக் குற்றம். ‘சும்மா செய்து பார்த்தேன்’ என்பதை நம்பி இதில் இறங்காதே.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்காதே. வண்டலூரை அடுத்த வேங்கடமங்கலத்தில் 2019 நவம்பரில் உன் வயதுப் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் நண்பனின் வீட்டில் குண்டு பாய்ந்து செத்தான். சுட்டதாகக் கைதானவன் அந்த நண்பனே. பாய்ந்தது ஒரே குண்டு; இரண்டு குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்த அறையில் தானியங்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசி.

தாம்பரம் ரயில் நிலையத்திலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நடக்கிறோம். எதிரில் வருகிறவன் இடுப்பில் துப்பாக்கி இருக்குமோ என்ற அச்சம் நமக்கு இல்லை. துப்பாக்கி இங்கே அரிதாக இருப்பதால் வந்த நிம்மதி அது. ஒரு பிரிண்டரும் ஒரு வடிவமைப்புக் கோப்பும் அதைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆகவே அந்த வீடியோவை அழித்துவிடு, யாருக்கும் அனுப்பாதே. கோப்பு கிடைத்தாலும் பதிவிறக்காதே. வகுப்பில் எவனாவது செய்ய முனைந்தால் உடனே பேராசிரியரிடம் சொல். துப்பாக்கியோ அதன் பாகமோ எங்கேனும் கிடக்கக் கண்டால் தொடாமல் 100-க்கு அழை. உன் கைத்திறன் உயிர் காக்கும் கருவிகளுக்குப் பயன்படட்டும்.

அன்புடன்,
உன் மாமா