டிஷ்வாஷரில் கழுவிய பாத்திரம் உப்பு பூக்கிறதா? முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் டிஷ்வாஷர் வாங்கிய வீடுகளில் கொஞ்ச நாளிலேயே ஒரே புலம்பல்தான்: "இவ்வளவு காசு கொட்டி வாங்கினோம், கண்ணாடி டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த மாதிரி இருக்கு." உடனே டிடர்ஜெண்ட் டேப்லெட்டை மாற்றுவார்கள், அப்புறம் இரண்டு டேப்லெட் போடுவார்கள், கடைசியில் மெஷினையே ஓஎல்எக்ஸில் விற்கப் பார்ப்பார்கள். வேண்டாம், பொறுங்கள். பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய தண்ணீரைத்தான் போர்வெல் மேலே இழுக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைந்தே வருகின்றன. மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தில் படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் பொருக்குத் தட்டுவதும் இதே சுண்ணாம்புதான். இதற்கான மருந்து பல டிஷ்வாஷர்களுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

செய்ய வேண்டியவை

• வினிகரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மங்கிய கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து, வினிகரில் நனைத்த பஞ்சால் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவித் துடையுங்கள். தேய்த்த இடம் பளிச்சென்றும் மற்ற இடம் மங்கலாகவும் இருந்தால் அது உப்புப் படிவு. சரி செய்துவிடலாம். தேய்த்த இடமும் மங்கலாகவே இருந்து, வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக வானவில் நிறம் தெரிந்தால் கண்ணாடியே அரித்துவிட்டது. அந்த டம்ளர் இனி தெளியாது. இந்தச் சோதனை முடியாமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

• தண்ணீரின் கடினத்தன்மையை எண்ணாகத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி சாம்பிள் கொடுக்கலாம். ரிப்போர்ட்டில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 ஏற்பது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை.

• அந்த எண்ணை 17.8-ஆல் வகுங்கள். பல டிஷ்வாஷர் கையேடுகள் ஜெர்மன் டிகிரியில்தான் பேசும். ரிப்போர்ட்டில் 640 என்றால் 36 டிகிரி. கையேட்டின் அட்டவணையில் 36 எந்த வரிசையில் வருகிறதோ அந்த அளவை மெஷினில் வையுங்கள். கடையில் இருந்து வரும்போது இருந்த அளவு உங்கள் போருக்காக வைத்தது அல்ல. பொருத்த வருகிறவர் பெரும்பாலும் குழாயை மாட்டி, ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். இந்த எண் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கும். இந்த ஊரில் பாதி மங்கலுக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

• உப்புக் குப்பியை நிரப்புங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்தால் தரையில் திருகு மூடி தெரியும். அதற்குள் இருப்பது சாஃப்ட்னர். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் அவற்றைக் கழுவி மறுபடி தயாராக்குவது உப்புத் தண்ணீர். முதல் தடவை மட்டும் குப்பி நிறையத் தண்ணீர் ஊற்றி, பிறகு டிஷ்வாஷர் உப்பைப் போடுங்கள். தண்ணீர் வழியத்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

• உப்பு போட்ட கையோடு ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். வழிந்த உப்பு நீர் உள்ளே தங்கினால் ஸ்டீலில் துருப்புள்ளி வரும்.

• மூடியை இறுகத் திருகுங்கள். உப்பு நிரப்பிய மறுநாளே வெள்ளை கூடிவிட்டதென்றால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

• ரின்ஸ் எய்ட் ஊற்றுங்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பைத்தான் எடுக்கும், தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை, அதாவது டிடிஎஸ்ஸைக் குறைக்காது. ரின்ஸ் எய்ட் இருந்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் படலமாக வழிந்து இறங்கும். நிற்காத துளி புள்ளி வைக்காது. டிடிஎஸ் மிக அதிகமான போர் என்றால் இரண்டையும் போட்ட பிறகும் லேசான புள்ளி இருக்கும். அதற்கு ஒரு காட்டன் துணிதான் வழி. அதுவும் போய்விடும் என்று யாராவது சத்தியம் செய்தால் அவர் ஏதோ விற்க வந்திருக்கிறார்.

• வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், வாரம் ஒரு முறையாவது. சோற்றுப் பருக்கையும் கடுகும் கறிவேப்பிலையும் அங்கேதான் தங்கும். கையால் தடவினால் மணல் மாதிரி நெருடுகிற வெள்ளை, உப்பு அல்ல, அரைபட்ட சாப்பாடு.

• தெளிக்கும் கையின் ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடைத்த ஓட்டையைப் பல்குச்சியால் குத்தி எடுங்கள்.

• தண்ணீர் வேகத்தைக் கவனியுங்கள். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும். அப்படியென்றால் மெஷினுக்கு மேலே ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் டேங்க். ஒரே தளமுள்ள வீட்டில் மொட்டைமாடித் தரையிலேயே டேங்க் உட்கார்ந்திருந்தால் அந்த உயரம் கிடைக்காது, அலசல் பத்தாது. ஸ்டாண்ட் கட்டி ஏற்றுங்கள், அல்லது சின்ன பிரஷர் பம்ப் போடுங்கள்.

• கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறையும் சோதியுங்கள். ஏரி நிறைந்து போர் ஊறும்போது இருக்கும் தண்ணீர் சித்திரையில் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஆய்வகம் போக வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் கேன் தண்ணீர், ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல். குலுக்குங்கள். போர் பாட்டிலில் நுரைக்குப் பதில் தயிர் போல் மிதக்கும் திரி போன முறையைவிடக் கூடியிருந்தால் கடினம் ஏறியிருக்கிறது. அப்போது முறையாக அளந்து மெஷினில் எண்ணை மாற்றுங்கள்.

• ஏற்கெனவே படிந்ததைத் தனியாக எடுங்கள். எண்ணைச் சரி செய்தாலும் பழைய படிவு தானாகப் போகாது. எவர்சில்வரையும் கண்ணாடியையும் வினிகர் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். மெஷினின் உட்புறத்துக்கு டிஷ்வாஷர் டிஸ்கேலர் வாங்கி, பாத்திரம் இல்லாமல் ஒரு தடவை ஓட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• கல்லுப்பு போடாதீர்கள். மரக்காணத்துக் கல்லுப்பு ஊறுகாய்க்கு அருமை. ஆனால் அதில் மண்ணும், நீங்கள் எதை விரட்டப் பார்க்கிறீர்களோ அதே கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன.

• பாக்கெட் தூள் உப்பும் வேண்டாம். கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் ரெசினை அடைக்கும். சாஃப்ட்னர் மாற்றும் செலவைக் கேட்டால், டிஷ்வாஷர் உப்பு மலிவு என்று தோன்றும்.

• உப்புக் குப்பியில் டிடர்ஜெண்ட் கொட்டாதீர்கள். ஒரே ஒரு தடவை போதும், சாஃப்ட்னர் காலி. வீட்டில் மெஷினைப் போடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும் காட்டிக் கொடுங்கள்.

• 'ஆல் இன் ஒன்' டேப்லெட்டை மட்டும் நம்பாதீர்கள். உப்பு தேவையில்லை என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பல கையேடுகள் அதற்குச் சொல்லும் எல்லை 21 டிகிரி, அதாவது சுமார் 375 மில்லிகிராம். அதைத் தாண்டிய போர் தண்ணீருக்கு உப்பும் வேண்டும்.

• அமெரிக்காவிலிருந்து வரும் யோசனையை அப்படியே எடுக்காதீர்கள். "எங்க மெஷின்ல உப்பே போடறதில்லையே அத்தை" என்று போனில் சொல்வார்கள். உண்மைதான்; அங்கே விற்கும் மெஷின்கள் பலவற்றில் உப்புக் குப்பியே கிடையாது. அவர்கள் குழாயில் வருவதும் உங்கள் போர் தண்ணீர் அல்ல.

• டிடிஎஸ் மீட்டரைக் காட்டி கடினத்தன்மை என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அது கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பைப் பிரித்துச் சொல்லாது. அந்த எண்ணை 17.8-ஆல் வகுத்தால் கணக்கு தப்பிவிடும்.

• ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மெஷினுக்கு விடாதீர்கள். பாத்திரம் கழுவப் பிடித்து வைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் கைக்கழுவலுக்கு மட்டும். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

• முழுக்க ஆர்ஓ நல்ல தண்ணீரையும் விடாதீர்கள். மிக மென்மையான தண்ணீர், காரமான டிடர்ஜெண்ட், சூடு மூன்றும் சேர்ந்தால் கண்ணாடி அரிக்கும். வினிகர் கோடு தெளியவில்லை என்றால் இங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும்: மெஷினில் வைத்த கடினத்தன்மை எண்ணைக் குறையுங்கள், டிடர்ஜெண்டைக் குறையுங்கள்.

• ரின்ஸ் எய்ட் குப்பியில் வினிகர் ஊற்றாதீர்கள். நாளடைவில் ரப்பர் சீல் கெடும்.

• பாத்ரூம் ஆசிட்டை உள்ளே கொண்டுபோகவே கூடாது. டைல்ஸ் வெளுக்குமே என்று நினைப்பீர்கள். ஸ்டீல் தொட்டியை அது தின்றுவிடும். பிளீச்சும் அப்படியே. பிளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

• அலுமினியம், இண்டாலியம், பித்தளை, செம்பு, இரும்பு தோசைக்கல், மண்சட்டி எதையும் அடுக்காதீர்கள். அலுமினியம் கறுக்கும், பித்தளை மங்கும், தோசைக்கல் துருப்பிடிக்கும், மண்சட்டி டிடர்ஜெண்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். இட்லிக் குண்டான் எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் கையிலேயே கழுவுங்கள்.

• தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் உறவுக்கூட்டம் வந்த அன்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் திணிக்காதீர்கள். டம்ளருக்குள் டம்ளர் செருகினால் உள்ளே தண்ணீரே போகாது. இரண்டு தடவை ஓட்டுங்கள், முதல் பந்திக்கு வாழையிலை போடுங்கள்.

• மெஷின் நின்றதும் கதவை மூடியே வைக்காதீர்கள். கொஞ்சம் திறந்து விட்டால் ஆவி வெளியேறும். மூடியே இருந்தால் அது குளிர்ந்து மறுபடி பாத்திரத்தில்தான் இறங்கும்.

• கடினத்தன்மை 50 ஜெர்மன் டிகிரியைத் தாண்டிய தண்ணீரோடு மெஷினை மல்லுக்கட்ட விடாதீர்கள். நல்ல மெஷின்கள் பலவற்றின் சாஃப்ட்னருக்கே ஏறத்தாழ அதுதான் உச்சம். சிலவற்றில் இன்னும் குறைவு. அளவு தாண்டினால் வெளியே தனி சாஃப்ட்னர் வையுங்கள், அல்லது பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து மெஷினுக்கு மட்டும் விடுங்கள். முன்பே அதையும் சோதித்துவிடுங்கள். ஒரு தடவை ஓட்ட சுமார் 10 லிட்டர்தான் செலவாகும்.

• சர்வீஸ்காரர் வருகிறார் என்று பாத்திரத்தைத் துடைத்து வைக்காதீர்கள். மங்கிய டம்ளர் இரண்டு, தண்ணீர் ரிப்போர்ட், நீங்கள் மெஷினில் வைத்த எண் மூன்றும் அவர் கண்ணில் படட்டும். டேப்லெட்டை மாற்றுங்க என்று சொல்லிவிட்டு அவரால் கிளம்ப முடியாது.