விடை வராத வினா

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

வினா ஆறு வகைப்படும், விடை எட்டு வகைப்படும் என்று நன்னூல் கூறுவதை இலக்கண வகுப்பில் கற்றோம். அவ்விலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. நம் பெற்றோர் பணிபுரியும் இடங்களிலும் நாள்தோறும் வினாக்கள் எழுகின்றன. அவற்றுக்கு விடை கிடைக்கும்போது என்ன நிகழ்கிறது? கிடைக்காதபோது என்ன நிகழ்கிறது? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

1. ஒரு தாயின் வினா

அடுகோடி உழைப்பாளர்களின் ஊர். 'மைக்கோ' என்று பெரியவர்கள் இன்றும் அழைக்கும் தொழிற்சாலை 1950களில் இங்கே எழுந்தது. மோட்டார் வண்டிகளுக்கான உறுப்புகளைச் செய்த அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டில் பாஷ் எனப் பெயர் மாறியது. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல இப்பகுதியில் வேரூன்றின. இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கணினி அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர்.

என் மாணவி ஒருத்தியின் தாய் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் பணி செய்பவர். ஒரு மாதம் அவருடைய ஊதியத்தில் இரண்டு நாள் தொகை குறைந்திருந்தது. "சார், ஏன் குறைந்திருக்கிறது?" என்று தமக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் மேற்பார்வையாளரிடம் வினவினார். "வேலைக்கு வர விருப்பம் இல்லையா?" என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. பக்கத்து எந்திரங்களில் இருந்தவர்கள் தலைகுனிந்து தைத்தார்கள்; எவரும் பேசவில்லை. அன்றிரவு அத்தாய் உணவு கொள்ளவில்லை. "நாளை முதல் போகமாட்டேன்" என்று மகளிடம் கூறினார்.

இங்கே சற்று நிற்போம். தாயின் வினா, அறியாததை அறிந்துகொள்ளக் கேட்ட அறியா வினா. மேற்பார்வையாளரின் மறுமொழி, வடிவில் வினா எதிர் வினாதல் போலத் தோன்றுகிறது. ஆனால், "செய்வாயா?" என்னும் வினாவுக்குச் "செய்யாமல் இருப்பேனா?" என்று கூறும்போது, செய்வேன் என்னும் விடை அதனுள் இருக்கிறது. மேற்பார்வையாளரின் சொற்களில் அத்தகைய விடை ஏதும் இல்லை. ஆகவே அஃது எட்டுவகை விடைகளுள் எதிலும் அடங்காது. இரண்டு நாள் ஊதியத்தின் இழப்பைக் காட்டிலும், விடை மறுக்கப்பட்டதே அத்தாயை மிகுதியாக வருத்தியது.

2. திருப்பெரும்புதூரில் நிகழ்ந்தது

தனியொருவரின் வினாவுக்கு விடை வராவிடில் அவர் உள்ளம் வருந்தும். பல்லாயிரவரின் வினாவுக்கு விடை வராவிடில் என்னாகும்?

சென்னைக்கு அருகில் திருப்பெரும்புதூரில் பாக்ஸ்கான் நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை உள்ளது. அங்கு உழைப்பவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். விடுதிகளில் தங்கிப் பணிபுரிபவர்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி, 250க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அருகில் நின்று பணிபுரிந்த தோழியர் சிலர் அடுத்த நாள்களிலும் வேலைக்குத் திரும்பவில்லை. 'அவர்கள் எங்கே? எவ்வாறு இருக்கிறார்கள்?' என்னும் வினா விடுதியெங்கும் எழுந்தது. நம்பத்தக்க விடை உரிய காலத்தில் அவர்களை எட்டவில்லை. அவ்வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. சிலர் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வாய்வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பரவியது. அச்சமும் சினமும் கொண்ட பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர்.

உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. விடுதிகளும் உணவறைகளும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

அப்பெண்கள் வதந்தியை நம்பியதை அறியாமை என்று கூறிவிடலாமா? கூடாது. உணவு கெட்டது உண்மை. தோழியர் வராததும் உண்மை. விடை சொல்ல வேண்டியவர்கள் விரைந்து சொல்லாத இடத்தில், கிடைத்ததைக் கொண்டு மனிதர் தாமே விடை அமைத்துக்கொள்வர்.

3. கேட்டலின் ஆற்றல்

தொழிலாளரின் சொற்களுக்குச் செவிகொடுப்பது பற்றிய பழைய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது. சிகாகோ நகருக்கு அருகில் இருந்த ஹாத்தார்ன் தொழிற்சாலையில், விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி பெருகுமா என்று 1924ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். ஒளிக்கும் உற்பத்திக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. பின்னர் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை நேரில் கண்டு பேசினர். தொடக்கத்தில் ஆயத்த வினாக்களைத் தொடுத்தனர். தொழிலாளரோ தம் மனத்தில் உள்ளதையே பேச விரும்பினர். எனவே ஆய்வாளர் தம் முறையை மாற்றிக்கொண்டு, குறுக்கிடாமல் கேட்கத் தொடங்கினர்.

அதே தொழிற்சாலையில் 14 ஆண்கள் பணிபுரிந்த ஓர் அறையையும் 1931–32இல் உற்றுநோக்கினர். அங்கே எழுதப்படாத விதிகள் சில இருந்தன. அளவுக்கு மிஞ்சி உழைக்கக் கூடாது. மிகக் குறைவாகவும் உழைக்கக் கூடாது. உடன் பணிபுரிபவரை மேலதிகாரியிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. மீறியவர்கள் கேலிக்கு உள்ளாயினர். மேற்பார்வையாளரின் ஆணையைப் போலவே உடன் பணிபுரிவோரின் சொல்லும் ஒருவரை இயக்கவல்லது என்பதை அவ்வறை காட்டியது.

இவ்வாய்வுகளின் முடிவுகளைக் குறித்துப் பிற்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தொழிலாளரின் உள்ளமும் உறவும் பணியைப் பாதிக்கும் என்னும் சிந்தனை அவற்றால் பரவியது.

4. வள்ளுவரும் சட்டமும்

இச்சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 'இறைமாட்சி' அதிகாரம், காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் கூறாதவனாகவும் இருக்கும் அரசனை உலகம் போற்றும் என்கிறது. காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பவனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்றும் கூறுகிறது. அரசனுக்குச் சொன்னது பத்துப் பேரை மேய்க்கும் மேற்பார்வையாளருக்கும் பொருந்தும்.

அறநூல் சொன்னதை ஓரளவு சட்டமும் வலியுறுத்துகிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு அமைய வேண்டும் என்னும் விதி, தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. நிறுவனத்தார், தொழிலாளர் ஆகிய இரு தரப்பினரும் அக்குழுவில் சம எண்ணிக்கையில் இடம்பெறுவர். வினவுவது பணிவின்மை அன்று. அது தொழிலாளரின் உரிமை.

5. இரண்டாம் முறை

அந்தத் தாயின் கதைக்குத் திரும்புவோம். அன்றிரவு மகள் தன் கன்னடக் குறிப்பேட்டைத் திறந்தாள். "அம்மா, இதைச் சொல்லிப் பழகுங்கள்" என்று ஒரு தொடரைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: "சார், எரடு தினத சம்பள யாகெ கடிமெ ஆகிதெ? தயவிட்டு ஹேளி." தாய் அதனைப் பத்து முறை சொல்லிப் பழகினார். மறுநாள் ஊதியச் சீட்டைக் கையில் ஏந்தி, அதே வினாவைத் தெளிவாகக் கேட்டார். இம்முறை பக்கத்து எந்திரத்துப் பெண்ணும் எழுந்து வந்து அருகில் நின்றார்.

மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினார். ஒருநாள் விரல்ரேகைப் பொறியில் வருகை பதிவாகவில்லை. அந்தத் தொகை அடுத்த மாதம் சேர்க்கப்படும் என்றார். மற்றொரு நாள், மகளின் காய்ச்சலுக்காக விண்ணப்பம் கொடுக்காமல் எடுத்த விடுப்பு. அதற்கு ஊதியம் இல்லை என்றார். ஒருநாள் தொகை திரும்பவில்லை. ஆனால் காரணம் தெரிந்தது. அத்தாய் வேலையை விடவில்லை.

மாணவர்களே, உங்களுள் பலர் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளின் நடுவே வளர்கின்றீர்கள். உங்கள் வீட்டிலும் விடை கிடைக்காத வினா ஒன்று இருக்கக்கூடும். அதனைத் தெளிவான தொடராக்க உங்களால் இயலும். நாளை நீங்களே மேற்பார்வையாளராக அமரும்போது, உங்கள்முன் நின்று ஒருவர் தட்டுத்தடுமாறி வினவுவார். அப்போது அவருக்கு விடை கூறுக.

சொற்பொருள்

மறுமொழி – பதில்
வதந்தி – உறுதி செய்யப்படாத செய்தி
மேற்பார்வையாளர் – பணியைக் கண்காணிப்பவர்
குறைதீர்க் குழு – முறையீடுகளைக் கேட்டுத் தீர்க்கும் குழு

மொழியோடு விளையாடு

'கூறு' என்பது ஏவல் வினை; முன்னிலையில் மட்டும் வரும். 'கூறுக' என்பது வியங்கோள் வினைமுற்று; மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வரும்.

கீழ்வரும் ஏவல்களை வியங்கோளாக மாற்றுக: கேள், எழுது, விளக்கு, பொறு.

பயிற்சி

1. மேற்பார்வையாளரின் முதல் மறுமொழி எவ்வகை விடையிலும் அடங்காது என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
2. திருப்பெரும்புதூரில் வதந்தி பரவியதற்கான காரணங்களை உம் சொற்களில் எழுதுக.
3. பக்கத்து எந்திரத்துப் பெண் முதல்நாள் செய்ததையும் மறுநாள் செய்ததையும் ஒப்பிடுக. இம்மாற்றம் தாய்க்கு எவ்வாறு உதவியிருக்கும்?
4. "நாளை முதல் போகமாட்டேன்" என்று தாய் கூறினார். இந்த நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக.
5. மேற்பார்வையாளர் முதல்நாளே எவ்வாறு விடை கூறியிருக்கலாம்? ஐந்து வரி உரையாடலாக எழுதுக.

செயல்பாடு

உம் வீட்டில் பணிக்குச் செல்லும் ஒருவரிடம், 'பணியிடத்தில் நீங்கள் கேட்க விரும்பியும் கேட்காத வினா எது?' என வினவுக. குறுக்கிடாமல் கேட்டு, அவர் இசைந்தால் மட்டும் பத்து வரிகளில் எழுதுக. நிறுவனத்தின் பெயரையும் மனிதர் பெயரையும் தவிர்க்க.