பெருந்தொற்றும் பண்டங்களின் பயணமும்

ஒரு பண்டம் ஒரே நாட்டிற் பிறந்து அந்நாட்டிலேயே முற்றுப்பெறும் வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. ஒரு மோட்டார் வண்டியின் உறுப்புக்கள் பல்லாயிரம். அவை பல தேசங்களில் உருப்பெற்று, கடல் கடந்து ஓரிடத்தே கூடுகின்றன. மூலப்பொருள் முதல் நுகர்வோன் கை ஈறாக நீளும் இத்தொடர்பினைப் பொருளியலார் வழங்கற் சங்கிலி என்பர். 2020 ஆம் ஆண்டிற் கொவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்கும்பொருட்டு அரசுகள் விதித்த கட்டுப்பாடுகள் இச்சங்கிலியை எவ்வாறு தாக்கின, அத்தாக்கத்தின் சுமையை யாவர் சுமந்தனர் என்பவற்றை ஈண்டு நோக்குவாம். உயிர்காக்க எழுந்த கட்டுப்பாடுகளைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவற்றால் வெளிப்பட்ட ஒரு பலவீனத்தை உணர்தலே நோக்கமாகும்.

சங்கிலி இத்துணை எளிதிற் குலைந்தமைக்குக் காரணம் யாது? இரண்டாம் உலகப் போரின் பின் யப்பானியத் தொயோட்டா நிறுவனத்திலே தாயிச்சி ஓனோ என்பார் ஓர் உற்பத்தி முறையை வகுத்தார். வேண்டிய உறுப்பு, வேண்டிய வேளையில், வேண்டிய அளவே தொழிற்சாலையை அடைதல் வேண்டும் என்பது அதன் சாரம். களஞ்சியத்தில் மிகுதியாகத் தேங்கும் பொருள் வீண்செலவு என்பது அம்முறையின் கொள்கை. பிறநாட்டு நிறுவனங்களும் இதனைத் தழுவின. செலவு குறைந்தது, இலாபம் பெருகியது. ஆயின், இடையில் ஒரு கண்ணி தடைப்படின் கைகொடுக்கக் கையிருப்பு இல்லாத நிலையும் உடன்வந்தது.

2020 இன் முற்பகுதியில் மோட்டார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாங்குவோர் இரார் என எண்ணிய நிறுவனங்கள் பல, வண்டிகளை இயக்கும் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தாம் கொடுத்திருந்த கட்டளைகளை நீக்கின. அதே காலத்தில் வீட்டிலிருந்து கற்போரும் பணிபுரிவோரும் மடிக்கணினிகளை நாடினர். சில்லு செய்வோரும் தம் ஆற்றலை அப்பக்கம் திருப்பினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் வண்டிகளுக்கான தேவை விரைந்து மீண்டபோது சில்லுகள் கிடைத்தில. ஒரு சில்லு உருப்பெற மூன்று மாதமளவு செல்லும். புதிய ஆலை எழுப்பவோ ஆண்டுகள் வேண்டும். 2021 யூனில் மலேசியாவில் நாடளாவிய முடக்கம் வந்தது. சில்லுகளைச் சோதித்து உறையிடும் உலகத் தொழிலில் ஏறக்குறைய 13 வீதம் நடைபெற்ற நாடு அது. அங்கு ஆலைகள் ஆட்குறைவுடன் இயங்கின, சில மூடவும்பட்டன. ஆகஸ்டில் தொயோட்டா, செத்தெம்பர் மாதத்து உலக உற்பத்தியை 40 வீதம் குறைப்பதாக அறிவித்தது. ஐக்கிய அமெரிக்காவிற் பழைய கார்களின் விலை 2022 சனவரியோடு முடிந்த ஓராண்டில் ஏறக்குறைய 40 வீதம் உயர்ந்தது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. 2011 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் இடருற்ற தொயோட்டா, அதன்பின் சில்லுகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குப் போதுமான அளவு இருப்பில் வைக்குமாறு தன் வழங்குநரைப் பணித்திருந்தது. அதனாலேயே 2021 இன் தொடக்கத்திற் பிறர் ஆலைகளை நிறுத்தியபோதும் அது பெரிதும் தளராது நின்றது. கையிருப்பைக் குறைக்கக் கற்பித்தவரே, எதனைக் குறைக்கலாகாது என்பதையும் முதலில் உணர்ந்தனர்.

இனிக் கடல்வழியை நோக்குவாம். 2021 மே இறுதி முதல் ஏறக்குறைய ஒரு மாதம் சீனாவின் யாந்தியன் துறைமுகம் நோய்ப்பரவலால் முடங்கித் தளர்ந்தது. ஆகஸ்டில் நிங்போ துறைமுகத்தில் ஒரேயொரு தொழிலாளிக்கு நோய் கண்டமையால் மேய்சான் இறங்குதுறை இருவாரம் மூடப்பட்டது. அமெரிக்காவுக்குச் சரக்கோடு சென்ற கொள்கலங்கள் மீளாது தேங்க, ஆசியாவில் வெற்றுக் கொள்கலங்களுக்குப் பஞ்சம் நேர்ந்தது. லொஸ் ஏஞ்செல்ஸ், லோங் பீச் துறைமுகங்களிற் சரக்கிறக்க 2022 சனவரியில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் முறைகாத்திருந்தன. 2019 இல் 1,500 டொலர் அளவினதாயிருந்த நாற்பதடிக் கொள்கலத்தின் சராசரிக் கூலி 2021 செத்தெம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது.

எனினும், கூலியும் விலையும் கூறாத இழப்பு ஒன்றுண்டு. துறைமுகங்கள் கப்பலோட்டிகளைக் கரையிறங்க விடாமையால், 2020 இன் இறுதியில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் ஒப்பந்தக் காலம் கடந்தும் கப்பலிலேயே இருந்தனர். ஓராண்டுக்கு மேல் வீடு காணாதவரும் அவருட் பலர். உலகுக்கு உணவும் மருந்தும் சுமந்தவர் தம் மனைவி மக்களைக் காணவியலாது கடலிற் கிடந்தனர். அவர்களை இன்றியமையாப் பணியாளராகக் கொள்ளுமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2020 திசெம்பரில் அரசுகளை வேண்டியது. வங்காளதேசத்திலோ, மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டமையால் 2020 மார்ச், ஏப்பிரல் மாதங்களில் 300 கோடி டொலருக்கு மேற்பட்ட ஆடைக் கட்டளைகள் நீக்கப்பட்டன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. தைத்து முடித்த ஆடைகளும் அவற்றுள் அடங்கும். அவற்றைத் தைத்த பெண்களுட் பலர் கூலியிழந்தனர். சிக்கனத்தின் பயனைப் பெற்றவர் ஒருசாரார். அது பொய்த்தபோது சுமந்தவர் மற்றொரு சாரார். இதுவே நாம் மறக்கலாகாத செய்தி.

ஆயின் ஒவ்வொரு நாடும் எல்லாவற்றையும் தானே செய்தல் தகுமோ எனின், தகாது. சில்லுத் தொழிலைத் தன்னாட்டில் வளர்க்க ஐக்கிய அமெரிக்கா 2022 இல் 5,000 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கிற்று. எல்லா நாட்டுக்கும் அஃது இயல்வதன்று. உள்நாட்டிலேயே முற்றும் செய்யினும், அந்நாடு முடங்கும்போது அத்தொழிலும் முடங்கும். ஒரு பொருளுக்குப் பல வாயில்களைத் தேடலும், இன்றியமையாதவற்றை அளவறிந்து இருப்பில் வைத்தலும், இடர்க்காலத்துத் தொழிலாளரைக் கைவிடா ஒப்பந்தங்களைச் செய்தலுமே நடுநிலையான வழி. நம் முன்னோர் விளைந்த நெல்லனைத்தையும் விற்றுவிடாது, விதைக்கும் உணவுக்கும் ஒருபகுதியைக் கொம்பறையில் வைத்தனர். அதனை வீண்செலவென எவரும் கூறியதில்லை. நாளை வாணிபத்திலும் ஆட்சியிலும் அமரவிருக்கும் எங்கல்லூரி மாணவர், கணக்கேட்டில் இலாபத்தை எழுதும்போது, அவ்விலாபத்துக்காக யார் தோளிற் சுமை ஏறுகின்றது என்பதையும் உடன் எண்ணுவாராக.