எதிரணி எந்த நிறம்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

போட்டி முடிந்து திரும்பும் வீரர்களிடம் நாம் கேட்பது, "வெற்றியா, தோல்வியா?" என்பதுதான். எதிரணி என்ன நிறத்தில் சட்டை அணிந்திருந்தது என்று எவரும் கேட்பதில்லை. விதிநூல்களோ அதை முதலிலேயே கேட்டுவிடுகின்றன. கால்பந்தின் 17 விதிகளுள் நான்காவது, இரு அணிகளின் உடையும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட வேண்டும், நடுவரின் உடையிலிருந்தும் வேறுபட வேண்டும் என்கிறது. கோல் காப்பாளரின் உடை இவர்கள் அனைவரிடமிருந்தும் தனித்துத் தெரிய வேண்டுமாம். கூடைப்பந்து விதி இன்னும் தெளிவானது. நிரலில் முதலில் பெயர் வரும் அணிக்கு வெளிர்நிறம், கூடுமானவரை வெள்ளை. மற்ற அணிக்கு அடர்நிறம்.

கைப்பந்தில் நடுவே வலை இருப்பதால் ஆள் மாறாட்டத்திற்கு இடமில்லை. ஆனால் அங்கும் 1998 முதல் 'லிபரோ' என்னும் தற்காப்பு ஆட்டக்காரர் தம் அணியினரின் உடைக்கு மாறான நிறத்தில் நிற்கிறார். அவருக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டாகையால் நடுவரின் கண்ணுக்கு அவர் உடனே புலப்பட வேண்டும்.

இவ்விதி தவறினால் உலகக் கோப்பையே காத்திருக்க நேரும். 1978-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் பிரான்சும் ஹங்கேரியும் மோத வந்தபோது இரு அணிகளும் வெள்ளை உடையில் நின்றன. கடைசியில் கிம்பர்லி என்ற உள்ளூர்க் கழகத்தின் பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளை இரவல் வாங்கி அணிந்து ஆடிய பிரான்சு 3–1 என வென்றது. நம் நாட்டுக் கதையும் உண்டு. 2019 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இங்கிலாந்தும் இந்தியாவும் நீல நிறத்தவை என்பதால், ஜூன் 30 அன்று பர்மிங்காமில் நம்மவர் காவி கலந்த ஆரஞ்சு உடையில் இறங்கினர். அன்று 31 ரன்களில் தோற்றதற்குச் சிலர் சட்டையைக் குறை கூறியது வேடிக்கை!

ஏன் இத்தனை கண்டிப்பு? நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் சுமார் 60 இலட்சம். ஒளியை மட்டும் அறியும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகள் பெரும்பாலும் நடுப்பகுதியில் நெருங்கியிருக்கின்றன. பந்தை நேரே பார்த்து ஓடும் வீரன் பக்கத்தில் வருபவனைக் கடைக்கண்ணால்தான் காண்கிறான். அங்கே நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டுமே முந்தித் தெரியும். ஆகவே சிவப்புக்குப் பச்சை என்பதைவிட, வெள்ளைக்குக் கருநீலம் என்பதே நல்ல எதிர்நிறம்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர்களும் ஆடுகளத்தில் உண்டு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் அத்தகையவர். 1794-இல் தம் பார்வையைப் பற்றித் தாமே கட்டுரை வாசித்தார். பாதுகாத்து வைத்திருந்த அவருடைய கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்து குறையை உறுதிசெய்தனர். இக்குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழியே மகனுக்கு வருகிறது, பெண்களிடம் அரிது. ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இது உண்டு. 2015 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றில் ஓர் அணி முழுப் பச்சையிலும் மற்றது முழுச் சிவப்பிலும் ஆட, தொலைக்காட்சியில் பார்த்த பலர் யார் எவர் என்றே தெரியவில்லை என்று முறையிட்டனர்.

பந்தை எதிரணிக்குத் தட்டிவிட்டவனைப் பார்த்து, "கண்ணு தெரியலையாடா?" என்று நம் பக்கத்துக் கூட்டம் கத்துகிறது. சிலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. அவர்களே அதை அறியார். பயிரின் பச்சையைப் பார்த்தே உரம் போதுமா என்று சொல்லும் கண் என் தந்தைக்கு உண்டு. பள்ளி வாசலை மிதிக்காத அவர், வேளாண்மைத் துறையின் இலை வண்ண அட்டையைக் கையில் எடுத்தவரில்லை. எல்லார்க்கும் அப்படி அமைவதில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் இக்குறை முதன்முதலாக வெளிப்படுவது பெரும்பாலும் ரயில்வே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். அதற்குள் வயது போய்விடுகிறது.

இனி நம் களத்திற்கு வருவோம். ஐப்பசி கார்த்திகை மழையில் காவிரி வண்டலில் ஆடினால் இடைவேளைக்குள் இரு அணியும் ஒரே நிறம்! அதற்கு விதி எழுதுவோர் என் செய்வர்? ஆனால் தொடக்கத்திலாவது வேறுபாடு வேண்டாமா? அரசுக் கல்லூரி மாணவனிடம் இரண்டாவது சட்டைக்குப் பணம் கிடையாது. மன்னார்குடியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் ஒரே உடையோடு வருபவனை மாற்றச் சொல்வது முறையன்று. சொந்த ஊரில் ஆடுபவனே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சியின்போது சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லா மேலாடை பன்னிரண்டு, வெள்ளை நிறத்தில் வாங்கி உடற்கல்வித் துறையில் வைத்தால் போதும். நம் அணிச்சட்டை அடர்நிறமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். ஜப்பானியரான இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு ஒருவரைச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். அணித் தேர்வு நாளன்று விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை போட்டால், உட்கார்ந்து படம் காட்ட எங்கள் வகுப்பில் ஆள் உண்டு.