சூதாட்டக் கப்பலின் கணக்கு

கோவாவின் தலைநகரம் பனாஜி. அங்கே மாண்டவி ஆற்றில் பெரிய கப்பல்கள் நிற்கின்றன. இரவெல்லாம் ஒரே விளக்கு வெளிச்சம். இவை ஊர் போகும் கப்பல்கள் அல்ல. சூதாட்டக் கப்பல்கள். கேசினோ என்பார்கள். 1996-இல் கோவாவில் சட்டத்தைத் திருத்தி இதற்கு இடம் கொடுத்தார்கள்.

உள்ளே பணத்தை வாங்கிக்கொண்டு வட்ட வில்லைகள் தருவார்கள். அதுதான் அங்கே காசு. ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து வைக்கக் கை தயங்கும். வில்லையை வைக்கத் தயங்காது!

கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது? ஏமாற்றியா? ஏமாற்றவே வேண்டாம். கணக்கே போதும்.

ரூலெட் என்று ஓர் ஆட்டம். ஒரு சக்கரம். அதில் 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மிச்சம் ஒரு குழி 0. அது பச்சை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு சிறு குண்டை உருட்டுவார்கள். குண்டு விழுந்த எண்ணில் பணம் கட்டியவருக்கு ஜெயம். 100 ரூபாய் கட்டியவருக்கு 3,500 ரூபாய் லாபம். கட்டிய 100 ரூபாயும் திரும்ப வரும். மொத்தம் 3,600.

அடேயப்பா என்று தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 37 பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஓர் எண். 0-இலும் ஒருவர். ஆளுக்கு 100 ரூபாய். மேசையில் 3,700 ரூபாய். ஜெயித்தவர் கையில் 3,600. மீதி 100 எங்கே? கேசினோவுக்கு. இப்படி ஆடினால், யார் ஜெயித்தாலும் அதற்கு 100 ரூபாய்.

100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசுதானே என்பீர்கள். ஒரு முறைக்கு அவ்வளவுதான். ஒரு முறையோடு யார் எழுந்திருக்கிறார்கள்? 100 ரூபாய் வீதம் 100 முறை ஆடினால், கட்டியது 10,000 ரூபாய். அதில் சராசரியாக 270 ரூபாய் போய்விடும். ஜெயித்த பணத்தையும் பலர் அதே மேசையில்தான் வைக்கிறார்கள். நேரம் ஓட ஓட கேசினோவுக்கு லாபம்.

"ஐந்து முறை கறுப்பு வந்துவிட்டது. இனி சிவப்புதான்" என்பார்கள் சிலர். 1913-இல் மொனாக்கோ நாட்டின் மாண்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. சிவப்பை நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணம் இழந்தார்கள். போன முறை எங்கே விழுந்தோம் என்று குண்டுக்கு நினைவிருக்குமா?

2020 பிப்ரவரியில் கோவா அரசு ஒரு தடை போட்டது. கோவாக்காரர்கள் கேசினோவில் ஆடக் கூடாது. வெளியூர்க்காரர்கள் ஆடலாம். ஏன் என்று பேசிப் பாருங்கள்.

கணக்குப் போடுங்கள்:
அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். பச்சைக் குழி இரண்டு. ஜெயித்தவருக்கு அதே 3,600 ரூபாய்தான். 38 பேர் ஆளுக்கு ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டினால் கேசினோவுக்கு எவ்வளவு மிஞ்சும்?