கொப்பியைத் திருத்த முதல் வாசியுங்கள்

தங்கச்சிமாரே, பிள்ளை கட்டுரைக் கொப்பியை நீட்டியதும் எங்கள் கண் முதலில் பிழையைத்தான் தேடுகிறது. இந்த 'ற' பிழை, அந்த 'ள' பிழை, எழுத்து கோணல். பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று கேட்க ஆளில்லை. நாற்பது கொப்பி திருத்துகிற ரீச்சருக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. வீட்டிலும் அதே பார்வை என்றால் அந்தப் பிள்ளை யாருக்காக எழுதும்? அம்மாவும் அப்பாவும் பிள்ளையின் முதல் வாசகர்களாக இருக்க வேண்டும், திருத்துகிற வேலை அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கே செய்து பாருங்கள். பேனையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிந்ததும் எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அந்த நாய்க்குட்டி பிறகு எங்கே போச்சு?" பிள்ளை வாயால் பதில் சொல்லும். "அதையும் எழுதிவிடு" என்றால் இரண்டு வசனம் கூடிவிடும். சத்தமாக வாசிக்கும்போது விட்டுப்போன சொல்லும் முடியாத வசனமும் அதன் காதிலேயே இடறும், தானே திருத்திக்கொள்ளும். எழுத்துப் பிழைக்கு வாரம் ஒரு வகை போதும். இந்த வாரம் ர, ற மட்டும். ல, ள, ழ அடுத்த வாரம் பார்க்கலாம். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்த கொப்பியை எந்தப் பிள்ளையும் ஆசையோடு மறுபடி திறக்காது.

அடுத்தது தலைப்பு. கொலன்னாவையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிற பிள்ளை, வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து "எங்கள் வீட்டுத் தோட்டம்" எழுதுகிறது. அதில் மாமரமும் மல்லிகைப் பந்தலும் இருக்கின்றன, வீட்டில் ஒரு பூச்சட்டி வைக்க இடமில்லை. காணாததை எழுதிப் புள்ளி வாங்கலாம், எழுதப் பழகுவது அப்படி நடக்காது. பிள்ளை கண்ட தெருவையும் கேட்ட சத்தத்தையும் எழுதட்டும். மழைக்கு ஒழுங்கையில் தண்ணி ஏறுவது, எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வரிசையாக நிற்கிற பவுசர்கள், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தருகிற கொக்கிஸ் எல்லாம் நல்ல கட்டுரைதான்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் கொலன்னாவைப் பகுதியின் தாழ்ந்த தெருக்கள் மூழ்கின. இப்போது தரம் 4, 5 படிக்கிற பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார்கள், அல்லது கைக்குழந்தைகள். பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து அம்மம்மாவையோ உம்மும்மாவையோ பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். தண்ணி எத்தனை மணிக்கு வந்தது, எதை முதலில் தூக்கினீர்கள், எங்கே போய்ப் படுத்தீர்கள், யார் சோறு தந்தார்கள்? மறுவருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில், 2017 ஏப்ரல் 14, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகள் புதைந்த கதையும் ஊரில் இருக்கிறது. அதைப் பெரிய பிள்ளைகளிடம் மட்டும் பேசுங்கள், பயம் காட்டாமல். எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கும் இதில் முழுப் பங்கு உண்டு. சொல்பவர் அவர், எழுதுவது பேத்தி, எழுதியதை வாசித்துக் காட்டும்போது சரி பிழை சொல்பவரும் அவர்தான்.

அப்பாவோ வாப்பாவோ கட்டாரில், சவூதியில் வேலை செய்கிற வீடுகள் எங்களிடம் நிறைய. ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் போகிறது, நல்லது. மாதம் ஒரு முறை பிள்ளை கையால் ஒரு கடிதம் எழுதட்டும், அதைப் படம் பிடித்து வட்சப்பில் அனுப்புங்கள். அப்பாவும் கையால் எழுதித்தான் பதில் அனுப்ப வேண்டும். "வாய்ஸ் அனுப்பிறன்" என்று தப்ப விடாதீர்கள். கடிதம் எழுதும் முறையை வகுப்பில் சொல்லித் தருவார்கள், எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் வீட்டில் கிடைப்பது.

தரம் 1, 2 பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், பிறகு அவர்களே அதை வாசிக்கட்டும். நீங்கள் சிங்கள மொழியில் படித்தவரா? கவலை வேண்டாம், பிள்ளை வாசிக்கக் கேட்பதற்கு உங்கள் காது போதும். நீங்களும் எழுதுகிறதைப் பிள்ளை பார்க்கட்டும், சாமான் துண்டாக இருந்தாலும் சரி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அம்மா எழுதி, ரியூஷன் ரீச்சர் மெருகூட்டி, பிள்ளை மனப்பாடம் செய்கிற வழக்கம் நிற்க வேண்டும். மேடையில் பரிசு வாங்கிய பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் தெரியாத தலைப்பைக் கண்டு விறைத்துப்போய் இருக்கும். புலமைப்பரிசில் வருடத்தில் பேப்பர் செய்து செய்தே மாலை முடிந்துவிடுகிறது என்பது எனக்கும் தெரியும். அந்த வருடத்திலும் வாரத்தில் ஒரு மாலை பிள்ளையின் சொந்த எழுத்துக்கு இருக்கட்டும்.

வாசிக்காத பிள்ளை எழுதாது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது, அந்தப் பக்கம் சாமான் வாங்கப் போகும் நாளில் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். போக முடியாவிட்டால், 2005 முதல் இயங்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் காசில்லாமல் வாசிக்கக் கிடக்கின்றன.

பள்ளிக்கூடத்துக்கும் வருவோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மின்விசிறி, பெயின்ற், தண்ணீர்த் தாங்கி என்றுதான் பேச்சு போகிறது. வகுப்பு ரீச்சரிடம் நாங்கள் கேட்பதும் "எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான். அதற்குப் பதிலாக, "இந்தத் தவணையில் என்ன எழுதப் பழக்குகிறீர்கள், வீட்டில் நான் எதைப் பார்க்க?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற அம்மாவை ரீச்சர்மார் மறக்க மாட்டார்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதம். வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய எழுத்தையும், கெட்டிக்காரர் ஐந்து பேருடையதை மட்டுமல்ல, ஒரு கையெழுத்துச் சஞ்சிகையாகக் கட்டித் தர நாலு பெற்றோர் சேர்ந்தால் போதும். தாளும் மட்டையும் நூலும்தான் செலவு. அடுத்த கூட்டத்தில் இதை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள்.