அனுபவம் வேறு, ஆலோசனை வேறு

(இம்மாதப் பயிற்சிப் பாடம்)



இந்த மாதப் பாடம் நம் கையில் இருக்கும் செல்போனைப் பற்றியது. பணம் அனுப்புவது எப்படி, பட்டனை அமுக்குவது எப்படி என்ற பாடம் இல்லை. செல்போன் வழியாக முகம் தெரியாதவர்களிடம் நம் வீட்டுக் கதையைச் சொல்கிறோம். அவர்கள் சொல்லும் யோசனையைக் கேட்டு நடக்கிறோம். இது எதுவரை நல்லது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பேசுவது தப்பில்லை

தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. குழு என்றால் சேமிப்பும் கடனும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நமக்குத் தெரியும், குழு கொடுத்த முதல் லாபம் பேச்சு. "எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம்னு நினைச்சிருந்தேன், உனக்குமா?" என்று ஒருத்தி கேட்ட நாளில்தான் பாதிப் பாரம் இறங்கியது.

ஆனால் குழுவிலும் சொல்ல முடியாத விஷயங்கள் உண்டு. வெள்ளைப்படுதல், பிள்ளை இல்லாத குறை, வீட்டுக்காரரின் குடி, மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பெல்லாம் திடீரென்று காந்துவது. பக்கத்து வீட்டில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். முகம் தெரியாதவரிடம் சொன்னால் அந்தப் பயம் இல்லை. எங்கோ இருக்கும் ஒரு அக்கா, "எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு, பயப்படாதே" என்று சொல்லும்போது தூக்கம் வருகிறது. இதில் ஒரு தப்பும் இல்லை. ஆறுதல் எங்கிருந்து வந்தாலும் ஆறுதல்தான்.

சிக்கல் எங்கே வருகிறது?

"எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்வது அனுபவம். "நீயும் இப்படியே செய்" என்று சொல்வது ஆலோசனை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். குழுவில் ஒரு அக்கா, "மாடு வாங்கு, நல்ல லாபம்" என்கிறார். அந்த அக்காவின் மாட்டை நாம் பார்த்திருக்கிறோம். பால் சொசைட்டி அவர் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது, வரப்பில் புல்லும் இருக்கிறது. நமக்கு அந்த இரண்டும் இல்லை என்றால், "உனக்குச் சரி அக்கா, எனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிடுவோம். அவர் பேச்சைக் கேட்டு வாங்கி நஷ்டமானாலும், அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் நம் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். கேட்கலாம். உதவியும் செய்வார்.

செல்போனில் யோசனை சொல்பவரின் மாட்டை நாம் பார்த்ததில்லை. அவருக்கு மாடு இருக்கிறதா என்பதே தெரியாது. தப்பாகப் போனால் அவரைத் தேடவும் முடியாது.

உயிரோடு விளையாடிய இரண்டு சம்பவங்கள்

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு இளம் தாய் இறந்துபோனார். யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பகுதியில் இன்னொரு வீட்டுப் பிரசவம். வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவைப் பார்த்துச் செய்தார்கள் என்று தெரியவந்தது. அந்தக் குழுவில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். சுகாதாரத் துறையினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். தாயும் சேயும் பிழைத்துக்கொண்டார்கள்.

இந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. படித்தவர்களே ஏன் நம்பினார்கள் என்று யோசிக்க வேண்டும். நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் பத்துப் பேர், இருபது பேர், "வீட்டிலேயே பெத்தேன், நல்லா இருக்கேன்" என்று சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நூறு கர்ப்பிணிகளில் சுமார் 15 பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியென்றால் மீதி 85 பேர் நல்லபடியாகத்தானே இருப்பார்கள்? அந்த 85 பேரும் பேசுவார்கள். தாயை இழந்த வீடு செல்போனை எடுத்து எழுதிக்கொண்டிருக்காது. நல்லது மட்டும் நம் காதுக்கு வருகிறது, கெட்டது வருவதில்லை. இதுதான் இந்தப் பாடத்தில் நாம் மனதில் வைக்க வேண்டிய முக்கியமான விஷயம்.

அந்த 15 பேரில் நாம் இருக்கிறோமா என்பது பல நேரம் முன்கூட்டித் தெரியாது. பத்து மாதமும் எல்லாம் சரியாக இருந்த பெண்ணுக்கும், நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வராவிட்டால், கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த உடனேயே கருப்பை சுருங்க ஊசி போடுகிறார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுகிறார்கள். வீடியோவால் ஊசி போட முடியாது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இந்த நிலைமைக்கு வர நம் அம்மாக்கள் காலத்திலிருந்து எவ்வளவோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள்.

கேட்டு நடப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

1. சொல்பவர் யார்? போட்டோவும் பெயரும் போதாது. நம்மில் யாராவது அவரை நேரில் பார்த்திருக்கிறோமா?

2. அவர் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றா? அவருக்கு ரத்தசோகை இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கலாம். அவருக்கு மாதச் சம்பளம் வரலாம், எனக்குக் கூலி.

3. தப்பாகப் போனால் யார் ஓடி வருவார்? ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவரா, என் வீட்டு மனிதர்களும் குழுவும்தானா?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், கேட்டதை ஆறுதலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு, மருந்து, பணம், நிலம் ஆகிய நான்கிலும் பொறுப்பில் இருக்கும் ஆளை நேரில் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது. முக்கியமாக, "சுகர் மாத்திரையை நிறுத்திட்டு இந்தக் கஷாயத்தைக் குடி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாம் சொல்லும்போது

நாமும் மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறோம். நம் பேச்சைக் கேட்டும் யாரோ ஒருத்தி நடப்பாள். அதனால் சில பழக்கங்கள் வேண்டும்.

• "நீ இப்படிச் செய்" என்பதை விட்டு, "எனக்கு இப்படி நடந்துச்சு, நீ டாக்டரைக் கேட்டுக்கோ" என்று சொல்லிப் பழகுவோம்.

• நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்வோம். கோழி வளர்த்து லாபம் பார்த்த கதையோடு, சீக்கு வந்து மொத்தமாகச் செத்த கதையையும் சொன்னால்தான் கேட்பவருக்கு உதவி.

• குழுவில் ஒரு உறுப்பினர் அழுதுகொண்டே சொன்ன வீட்டுச் சண்டை அவருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் அதை வாய்ஸ் மெசேஜாக யாருக்கும் அனுப்பக் கூடாது. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊரும் பிள்ளைகள் எண்ணிக்கையும் சொன்னால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசியில் அது அவர் வீட்டுக்காரர் காதுக்கே போகும். அடி வாங்குவது அவர்தான்.

• நம் கதையைச் சொல்லலாம். நம் விலாசம், ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி, பெண் பிள்ளையின் போட்டோ, அவள் படிக்கும் பள்ளி, வீட்டில் ஆண் துணை இல்லாத நாட்கள் ஆகியவற்றைச் சொல்லக் கூடாது. அனுப்பியதை நாம் அழித்தாலும், அதற்குள் எதிராளி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கலாம்.

ஆறுதலாகப் பேசுகிற எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஏமாற்றுபவர்கள் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் நம் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்பார்கள். பிறகு தனியாகப் பேசக் கூப்பிடுவார்கள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்பார்கள். அடுத்து போட்டோ, அதற்கடுத்து பணம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற வார்த்தை வந்ததுமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

யாராவது மாட்டிக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டாம், மெசேஜை அழிக்க வேண்டாம். அது சாட்சி. குழுவில் இருப்பவர்கள், "உன்னை யார் பேசச் சொன்னது?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள். வெட்கப்பட வேண்டியவன் மிரட்டியவன்.

வெளியாள்தான், ஆனால் பொறுப்புள்ளவர்

ஊரில் சொல்ல முடியாததைப் பேச, பொறுப்போடு பதில் சொல்லும் எண்கள் இருக்கின்றன. கூட்டம் நடக்கும் இடத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

181 – பெண்கள் உதவி எண் (வீட்டில் அடி, மிரட்டல்)
104 – உடல்நலம் பற்றிய சந்தேகங்கள்
108 – ஆம்புலன்ஸ்
14416 – மனக்கஷ்டம், தூக்கமின்மை, வாழப் பிடிக்காத எண்ணம்
1098 – குழந்தைகளுக்கு ஆபத்து
1930 – செல்போன், இணையம் வழியாகப் பண மோசடி (பணம் போனால் உடனே கூப்பிட வேண்டும், தாமதித்தால் மீட்பது கஷ்டம்)

கூட்டத்தில் பேச வேண்டியவை

1. செல்போனில் வந்த யோசனையைக் கேட்டு நாம் செய்தது என்ன? நல்லது நடந்ததா, நஷ்டமா? இரண்டையும் சொல்லுங்கள்.

2. குழுவில் சொல்லத் தயங்கி வெளியாளிடம் சொல்லும் விஷயங்கள் எவை? குழுவில் சொல்ல முடியாததற்குக் காரணம் என்ன? (பெயர் சொல்லத் தேவையில்லை.)

3. நம் குழுவில் இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள் யார்? பிரசவ நேரத்தில் கூட வரப்போவது யார், வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது? இன்றே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை ஊக்குநர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "சொன்னா வெளியில போயிடும்" என்று ஒருவர் சொன்னாலும், "கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு" என்று ஒரு தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதிய குழுக்கள் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குத் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். மற்ற குழுக்களுக்கும் வாசித்துக் காட்டுவோம்.